நீந்தத் தெரிந்தவர்கள்

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை, கார்த்திகை பாதியாகியும் விடவில்லை. பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டது. நெய்கிறவர் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற குழி அது. அதில் முழங்காலளவு தண்ணீர் நின்றால் தறி எப்படி ஓடும்? தெருவில் பாவு நூலை நீட்டிக் காயவைக்கவும் வெயில் இல்லை. நாள் முழுக்கத் தறிச் சத்தம் சடசடவென்று கேட்டுக்கொண்டிருந்த தெருவில் ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

நான் வேலாயுதம் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ராசிபுரத்துக்காரன். காஞ்சிபுரத்தில் ஆண்பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளியில் விளையாட்டு வாத்தியார் வேலை. கீழே அண்ணனும் அம்சவேணி அக்காவும் ஒரே தறியில் உழைத்தார்கள். பட்டுச் சேலையில் ஊடையிழையைக் குறுக்கே கொண்டுபோகிற நாடா உடலுக்கு ஒன்று, பார்டருக்கு ஒன்று ஓட வேண்டும். குழியில் உட்கார்ந்து அண்ணன் நெய்வார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அக்கா பார்டர் நாடாவைத் தள்ளுவார். கல்யாணமாகி வந்த பத்தொன்பது வருஷமாக அதே இடத்தில்தான் அக்கா உட்கார்ந்திருந்தார். மூத்தவன் உதயகுமார் கல்லூரியில் முதல் வருஷம். சின்னவள் அகிலா ஒன்பதாவது.

மழைக்காலத்தில் விடிந்ததும் அக்காவுக்கு முதல் வேலை குழித்தண்ணீரை இறைப்பது. மாடிப்படியில் நின்று பல் விளக்கும்போது பார்ப்பேன். குனிந்து குடத்தில் மொண்டு, திரும்பி, வாசல் கால்வாயில் கொட்டிவிட்டு வருவார். இருபது இருபத்தைந்து குடம். மறுநாள் காலையில் அதே அளவு தண்ணீர் மறுபடி நிற்கும். அக்கா முகத்தில் ஒரு சலிப்பும் இருக்காது.

அந்த மழையில் தென்னேரி ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே போகிறது என்று செய்தி வந்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு நிரம்புகிறதாம். ஏரி நிரம்பிய வருஷம் காணும் பொங்கலன்று அங்கே நீச்சல் பந்தயம் வைப்பது வழக்கம். இளைஞர் மன்றத்துச் செயலாளர் பழனி என்னைத் தேடி வந்து, சார் நீங்க தான் கடிகாரம் பிடிக்கணும் என்று கேட்டுக்கொண்டார். நோட்டீஸை நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஆண்களுக்கு நீச்சல், கபடி, சைக்கிள் பந்தயம். பெண்களுக்குக் கோலப்போட்டி, மியூசிக்கல் சேர். எழுதும்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. சாயங்காலம் எங்கள் மைதானத்தில் நூறு பையன்கள் புழுதி கிளப்பிக்கொண்டிருக்கும்போது, அந்த வழியாகப் பெண்பிள்ளைகள் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்களுக்கு இதிலெல்லாம் ஆசை கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருத்தியையும் நிறுத்திக் கேட்டதில்லை.

உதயன் பந்தயத்துக்குப் பேர் கொடுத்தான். அண்ணனுக்கு ஒரே பூரிப்பு. தறிதான் ஓடவில்லையே, பையனையாவது தயார் பண்ணலாம் என்று, செவிலிமேட்டில் தெரிந்தவர் தோட்டத்தில் இருந்த பெரிய கிணற்றுக்குத் தினமும் கூட்டிக்கொண்டு போனார். படி வைத்த கிணறு, தண்ணீர் மேல்படி வரை நின்றது. பையனுக்குக் காலையில் மூன்று முட்டை. அவன் விட்டுப்போன வீட்டு வேலையெல்லாம் அகிலா தலையில் விழுந்தது. நானும் ஒரு நீச்சல் புத்தகத்தை வைத்துக்கொண்டு மேலே நின்று அவனுக்குக் கை இப்படி, கால் இப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கேழ்வரகு அடை சுட்டு எடுத்துக்கொண்டு அகிலாவோடு கிணற்றுக்கு வந்தார். உதயன் ஐந்தாறு சுற்று நீந்தி மூச்சு வாங்கிப் படியைப் பிடித்தான். தூக்குவாளியைத் திறந்துகொண்டே அக்கா சொன்னார்:

"தண்ணிய அடிக்கிறியேடா. அடிக்காத, தள்ளு. தலைய தூக்கி வச்சிக்கினே போனா இடுப்பு கீழ போயிடும். ஏரில காத்து வேற இருக்குது."

நாங்கள் மூன்று ஆண்களும் அவரைப் பார்த்தோம். அகிலாதான் கேட்டாள், உனக்கு நீந்தத் தெரியுமா அம்மா என்று. தென்னேரியில் பிறந்துவிட்டு நீந்தாமலா என்றார் அக்கா. தானும் சம்பூர்ணமும் இன்னும் இரண்டு பெண்களும் காலையில் ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை ஏரியில் கிடப்பார்களாம். பதினாலு வயசில் வயதுக்கு வந்ததும் வீட்டில் உட்கார வைத்தார்களாம். அப்புறம், என்றாள் அகிலா. அப்புறம் இன்னா, நின்னுபோச்சு என்றார். மழை நின்றுபோயிற்று என்று சொல்வதுபோலச் சொன்னார். அண்ணன் சிரித்துவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் தனக்கு இது தெரியாதே என்று ஆச்சரியப்பட்டார். அடை சாப்பிட்டோம். பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மார்கழி பிறந்தது. தெருவில் பெண்கள் இருட்டோடு எழுந்து கோலம் போடுகிற மாதம். யார் எப்போது எங்கே போகிறார்கள் என்று யாரும் கவனிக்க மாட்டார்கள். மழை விட்டிருந்தது. குழிகள் காய்ந்து ஒவ்வொரு தறியாக ஓட ஆரம்பித்திருந்தன. ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். அண்ணன் குழிக்குள் உட்கார்ந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். நான் பள்ளிக்குக் கிளம்பிப் படியிறங்கினேன். பால்காரர் சைக்கிளைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"வேலாயுதம், உன் பொண்டாட்டி செவிலிமேட்டுல கெணத்துல குதிச்சிட்டாபா. என் கண்ணால பார்த்தேன்."

அண்ணன் குழியிலிருந்து எப்படி ஏறினார் என்று எனக்கு நினைவில்லை. என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி பத்து நாள் வலித்தது. தோட்டத்து வரப்பில் வண்டி போகவில்லை. இறங்கி ஓடினார். கிணற்றைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யார் முகத்திலும் துக்கம் இல்லாததை நான் அப்போது கவனிக்கவில்லை. எட்டிப் பார்த்தோம்.

அக்கா மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். உதயனுடைய பழைய டிராக் பேண்ட், அண்ணனுடைய முழுக்கைச் சட்டை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, வெயில் விழுகிற இடத்தில் ஒரு இலை கிடப்பதுபோலக் கிடந்தார். கடைசிப் படியில் கழுத்தளவு தண்ணீரில் அகிலா கல்லைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். ஏறு, என்றார். அவ்வளவுதான்.

ஒரு வாரமாகப் போய்க்கொண்டிருந்தார்களாம். வீட்டில் அன்றைக்கு உலை வைக்கவில்லை. இனிமேல் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அண்ணன் சொன்னார். தெருவே தன்னைக் கிணற்றில் குதித்தவள் புருஷன் என்று சொல்லுகிறதாம், வயசுக்கு வந்த பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய் ஊரான் தோட்டத்தில் ஈரத்துணியோடு நிற்க வைப்பாளா ஒருத்தி என்று கேட்டார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு பதில் சொன்னார்.

"பொம்பள கெணத்துல எறங்கினா செத்துதான் போவணுமா? வேற எதுக்கும் எறங்கக்கூடாதா?"

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றது. ஆனால் தறி நிற்கவில்லை. குழியில் அவர், பக்கத்தில் அக்கா. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அவர் "ம்" என்பார், அக்கா நாடாவைத் தள்ளுவார். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் "ம்" என்று மாடியில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். வேறு ஒரு சொல் கிடையாது. அகிலா பரிமாறினாள், அகிலா கேட்டுச் சொன்னாள், அகிலா நடுவில் நடந்தாள்.

ஒரு சாயங்காலம் அண்ணன் மாடிக்கு வந்து என்னிடம் உட்கார்ந்தார். தெருவைப் பார்த்தபடியே சொன்னார்:

"கோவம் இல்ல சார். ஆம்பள குதிச்சா குளிக்கிறான், பொம்பள குதிச்சா சாவறா. எனக்கு அப்படித்தான் தெரியும். வண்டில வரசொல்லோ வழி பூரா யோசிச்சிக்கினே வந்தேன், நான் இன்னா பண்ணேன், எதுக்கு இவ போய் விழுந்தான்னு. பத்தொம்பது வருஷத்துல எத்தனையோ நெனப்புக்கு வந்துது சார். அங்க போனா அவ மெதந்துக்கினு சிரிக்கிறா."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் கிடந்த நீச்சல் புத்தகத்தை எடுத்து மூடி வைத்தேன்.

பொங்கலுக்கு முதல் நாளே அக்கா பிள்ளைகளோடு தென்னேரிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். காணும் பொங்கலன்று காலையில் நானும் அண்ணனும் போனோம். ஏரியைப் பார்த்ததும் கரையிலேயே வண்டியை நிறுத்திவிட்டேன். ராசிபுரம் பக்கத்தில் நான் பார்த்த ஏரியெல்லாம் இதற்கு முன்னால் குட்டை. மறுகரை என்று ஒன்று இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. ஏரிக்கரை ஒரு வில்லைப்போல வளைந்து கிடந்தது. தெற்குமூலையில் இறங்கி, வில்லுக்கு நாண் கட்டினதுபோல நேராக நீந்தி, வடக்கே ஊர்ப் படித்துறையில் ஏற வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டர். நடுவில் ஒரு இடத்தில் கருவேல மரங்கள் தண்ணீரில் மூழ்கி, நுனி மட்டும் முள்ளோடு வெளியே தெரிந்தது.

ஊர்ச் சனமெல்லாம் படித்துறைப் பக்கம் இருந்தது. தெற்குமூலையில் பந்தயக்காரர்கள் பத்தொன்பது பேர், அவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணன் மாதிரி ஆட்கள், நான், பழனி, மீன் பிடிக்கிற படகு இரண்டு. நான் பேரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா அகிலாவோடு பக்கத்தில் வந்து நின்றார். சேலைக்குள்ளே சட்டைக்காலர் தெரிந்தது. தன் பேரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

நான் மறுத்தேன். அதை இங்கே மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பெண்களுக்கு இதில் இடமில்லை அக்கா என்றேன். ஏதாவது ஆனால் மன்றம் பதில் சொல்ல வேண்டும் என்றேன். இதெல்லாம் கிணறு இல்லை என்றேன், ஏரியில் பிறந்தவரைப் பார்த்து. அக்கா கோபப்படவில்லை.

"நீங்க எழுதாட்டி போங்க சார். எறங்கறதுக்கு பேரு எதுக்கு?"

விசில் ஊதினேன். பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். தண்ணீர் கலங்கி நுரைத்தது. நானும் பழனியும் படகில் ஏறிப் பின்னாலேயே போனோம். அதனால் பிறகு கரையில் நடந்ததை அகிலா சொல்லித்தான் அறிந்தேன். நாங்கள் கொஞ்ச தூரம் போகும் வரை அக்கா நின்றிருந்தாராம். பிறகு சேலையை அவிழ்த்து மடித்து அகிலா கையில் கொடுத்துவிட்டு, முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கினாராம். உதயன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம் அகிலா போய்ச் சொன்னாளாம். அண்ணன் அவள் கையிலிருந்த சேலையைப் பிடுங்கிக்கொண்டு கரைமேல் ஏறி ஓட ஆரம்பித்தாராம். இருபத்தைந்து வருஷம் குழிக்குள் உட்கார்ந்த கால். பத்தடி ஓடுவார், நின்று தண்ணீரில் தலை தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் மறுபடி ஓடுவார். தெரியாவிட்டால் தெரிகிற வரை நகர மாட்டார்.

பாதி தூரத்தில் காற்று எழுந்தது. வடகிழக்குக் காற்று, எதிர்க்காற்று. கரையிலிருந்து பார்க்கும்போது அலையே இல்லாத ஏரி, உள்ளே இருந்து பார்க்கும்போது ஆளை மறைக்கிறது. குறுக்கே போய்விடலாம் என்று பார்த்த பையன்களைக் காற்று மூழ்கிய கருவேலத்தின் மேல் தள்ளியது. தொடையிலும் வயிற்றிலும் முள் கிழித்து, ஒவ்வொருவனாகக் கையைத் தூக்கினான். இரண்டு படகிலுமாக எட்டுப் பேரைத் தூக்கிப் போட்டோம். எட்டாவது ஆள் உதயன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு கல்லாக இறுகியிருந்தது. நான் அதை நீவிக்கொண்டிருந்தபோது பழனி துடுப்பை நிறுத்திவிட்டு, சார், அது யாரு என்றார்.

பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை வந்துகொண்டிருந்தது.

நான் எத்தனையோ நீச்சல் போட்டி பார்த்திருக்கிறேன். ஆனால் தண்ணீரை இவ்வளவு குறைவாகத் தொந்தரவு செய்து ஒருவர் போவதை அதற்கு முன் பார்த்ததில்லை. வலதுகை நீளமாக விழும், இடதுகை கொஞ்சம் மடங்கி, பக்கவாட்டில் வாரும். அலை வரும்போது முகம் உள்ளே போகும், அலை போனதும் வெளியே வந்து ஒரு வாய்க் காற்று எடுக்கும். அவசரம் என்பதே இல்லை. காற்றோடு சண்டையும் இல்லை. மரக்கூட்டத்தை ஐம்பது அறுபதடி தள்ளியே சுற்றிக்கொண்டு வந்தார். அந்தச் சுற்றுக்கு எத்தனை கை கூடுதலாகப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

படகைப் பக்கத்தில் விடச் சொன்னேன். உதயன் விளிம்பில் சாய்ந்து, "அம்மா, படகப் புடிச்சுக்கம்மா" என்று அழுகிற குரலில் சொன்னான். அக்கா ஒரு தடவை அவன் காலைப் பார்த்தார். காயம் இல்லை என்று தெரிந்துகொண்டதுபோல. பிறகு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டார். எங்களைத் தாண்டிப் போனார்.

படகில் ஐந்து பையன்கள் இருந்தார்கள். முள் கீறி ரத்தம் வழிந்தபடி, குளிரில் பல் கிட்டிக்கொண்டு. கோயிலில் திரை விலகும்போது கூட்டம் அடங்குமே, அந்த மாதிரி அடங்கியிருந்தார்கள். பழனி தானாகவே படகைத் திருப்பி அக்காவுக்குப் பின்னால், அலை அவர்மேல் படாத தூரத்தில் விட்டார். கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கை எண்ண ஆரம்பித்தேன். முந்நூறு வரை எண்ணினேன். பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. குத்துக்காலிட்டு நாடா தள்ளுகிற அந்தக் கை, இருபத்தைந்து குடம் இறைக்கிற அந்த இடுப்பு, இருபத்து மூன்று வருஷம் ஏரியைத் தொடாத அந்த உடம்பு இதை எங்கே வைத்திருந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் மாடிப்படியில் நின்று தினமும் பார்த்தவன் நான். எனக்கே தெரியவில்லை.

ஊர்ப் படித்துறையில் முதலில் வந்தவன் ஐயம்பேட்டைப் பையன். அவனுக்கு மேளம் அடித்தார்கள். பிறகு ஒருவர் இருவராக வந்தார்கள். எட்டு ஆண்கள் ஏறின பிறகு ஒன்பதாவதாக அக்கா வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் தண்ணீரில் இருந்தார்கள். மேளக்காரர்களுக்கு அடிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அடிக்காமல் நின்றார்கள். படித்துறை நிறையச் சனம் எட்டிப் பார்த்தது. கீழ்ப்படியில் கை வைத்தவர் எழுந்து நிற்கப் பார்த்தார். கால் நடுங்கி மறுபடி தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அண்ணன் இறங்கி வந்தார். சட்டை வேர்வையில் நனைந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு. வேட்டி இடுப்புவரை நனைய அவர் பக்கத்தில் போய் நின்று, சேலையைப் பிரித்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பேசினார்.

"குளுருதா?"

"இல்ல."

"எவ்ளோ தூரம்மா இது" என்றார் அண்ணன். திரும்பி ஏரியைப் பார்த்தார். கேள்வி மாதிரி இல்லை. பார்த்துக்கொண்டே நின்றார். நான் படகை விட்டு இறங்கி, அக்காவிடம் போய், இன்னொரு தாளில் உங்கள் பேரை எழுதிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. மேல்படியில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது சின்ன வயசில் அக்காவோடு நீந்திய சம்பூர்ணம். இடுப்பில் பித்தளைக் குடத்தோடு நின்றார். நல்ல பருத்த உடம்பு, கோலப்பொடி இன்னும் விரலில் இருந்தது. "அம்சா, இடது கைய இன்னும் அப்பிடியேதான் வளைச்சிப் போடறே. அன்னிக்கே சொன்னேன், கேட்டியா நீ" என்றார். சொல்லிவிட்டுக் குடத்தைப் படியில் வைத்தார். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்காமல் ஒவ்வொரு படியாக இறங்கி, மார்பளவு தண்ணீர் வந்ததும் முன்னால் சாய்ந்தார். அந்தப் பருத்த உடம்பு தண்ணீரில் எடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

பிறகு கண்ணாடி போட்ட ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நரைத்த கொண்டை ஒன்று, புதுத்தாலிக் கயிறு ஒன்று. சேலை தண்ணீரில் பலூனாக உப்ப, அதை அமுக்கிக்கொண்டு, ஆழத்துக்குப் போனதும் ஒரு உதை உதைத்து மிதந்தார்கள். பதினொன்று வரை நான் எண்ணினேன். யாரும் பந்தயம் வைத்துக்கொள்ளவில்லை. ஒருத்தி மல்லாந்து கிடந்தாள். ஒருத்தி முங்கி இருபதடி தள்ளி எழுந்தாள். அக்கா சுற்றிவிட்ட சேலையை அவிழ்த்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் போயிருந்தார். அகிலா மூச்சிரைக்கக் கரைமேல் ஓடி வந்து சேர்ந்தவள், நேராகப் படியிறங்கினாள். அண்ணன் நகர்ந்து வழிவிட்டார்.

படித்துறை முழுக்க ஆண்கள் நின்றோம். கபடிக்குக் கச்சை கட்டியிருந்தவர்கள், சைக்கிளைப் பிடித்திருந்தவர்கள், மெடல் போட்டிருந்த ஐயம்பேட்டைப் பையன். என் பக்கத்தில் துண்டைத் தோளில் போட்ட ஒரு பெரியவர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து வெகுநேரமாக அந்த நரைத்த கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நடு ஏரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, ஒரே சீராக, திரும்பிப் பார்க்காமல்.

"அது எங்க வீட்டுக்காரிபா" என்றார் மெதுவாக. "நாப்பது வருஷமா இந்த ஏரியோரந்தான் இருக்கறோம்."

நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.